பொறித்த பெயரும் பொறிக்காத பெயரும்: கைத்துறப்பணங்களின் ஆக்குநர் குறிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்லெழுத்தையும் செப்பேட்டையும் நாணயத்தையும் வரிவரியாக வாசிக்கப் பழகிய வரலாற்றாய்வு, தச்சன் கையிலிருந்த இரும்புக் கருவியொன்றிற் பொறிக்கப்பட்டுள்ள நான்கு எழுத்துகளை வாசிக்கும் பொறுப்பைப் பழம்பொருள் சேகரிப்போரிடமே விட்டுவிட்டது. அவர்கள் அப்பொறுப்பைச் செம்மையாகவே நிறைவேற்றியுள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. எந்தக் குறி எந்தக் காலத்துக்குரியது, எந்த முகவரி எப்பொழுது மாறியது, எந்தப் பாகம் எந்த வகைக்கு உரியது என்பன பற்றி ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவர்கள் தொகுத்து வைத்துள்ள செய்திகள் பல்கலைக்கழக ஆய்வாளரையும் நாணவைக்கக் கூடியவை. எனினும் அவர்களது வினா பெரும்பாலும் ஒன்றே: இக்கருவி யாருடைய தயாரிப்பு? விடையும் ஒரு கம்பனியின் பெயராகவே அமைந்துவிடுகின்றது. அப்பெயரை அங்கே பொறிப்பித்தவர் யார், எந்தச் சட்டத்தின் அல்லது எந்தச் சந்தையின் நிர்ப்பந்தத்தினால் அது பொறிக்கப்பட்டது, அப்பெயருக்குரியவர்தாம் உண்மையில் அதனை ஆக்கினரா என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இவ்விரு நாடுகளிலும் உற்பத்தியான கைத்துறப்பணங்களை ஆதாரமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

துறப்பணம் என்ற சொல் தமிழ்த் தச்சர் வழக்கில் நெடுங்காலமாக நிலைபெற்றது. வில்லையும் கயிற்றையும் கொண்டு சுழற்றப்பட்ட துளைகருவியே அச்சொல்லாற் பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கு கருதுவன அதற்குப் பிற்பட்ட இருவகைக் கருவிகளாகும். ஒன்று, 'பிறேஸ்' என்று வழங்கும் வளைதண்டுத் துறப்பணம். நெஞ்சினாலோ உள்ளங்கையினாலோ அழுத்திக்கொண்டு வளைந்த தண்டைச் சுற்றுவதனால் அது துளையிடும். மற்றையது பற்சில்லுத் துறப்பணம். பக்கவாட்டிலுள்ள கைபிடியைச் சுழற்றப் பெரிய பற்சில்லு சுழன்று, தன்னோடு பொருந்திய சிறிய பற்சில்லைப் பன்மடங்கு விரைவாகச் சுழற்றும். முட்டை அடிக்கும் கருவியை ஒத்திருத்தலின் அமெரிக்கர் அதனை அப்பெயராலேயே அழைத்தனர். இரண்டிலும் துளையலகைக் கவ்விப் பிடிக்கும் பகுதி 'சக்' எனப்படும். குறிகளைப் பற்றிய வழக்குகளிற் பெரும்பாலானவை இந்தச் சக்கைச் சுற்றியே எழுந்தன என்பது பின்னர் புலனாகும்.

பெயர் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். சிலவற்றில் அது வார்ப்பிரும்புச் சட்டகத்திலேயே எழுத்துகளாக வார்க்கப்பட்டிருக்கும்; சிலவற்றிற் பெரிய சில்லின் முகத்திலோ கைபிடித் தண்டிலோ அச்சு அடிக்கப்பட்டிருக்கும்; சிலவற்றிற் சக்கின் உறையைச் சுற்றி நுண்ணிய எழுத்துகளாக ஓடும். வேறு சிலவற்றிற் கைப்பிடி மரத்தில் வண்ண ஒட்டுப்படமாக மட்டும் இருந்திருக்கும். இவ்வேறுபாடு அற்பமானதன்று. துறப்பணம் பல பாகங்களின் கூட்டு. பட்டறையிற் பலகாலம் உழைத்த கருவியின் சக் தேய்ந்தால் வேறொரு சக் பூட்டப்படும். கைபிடி உடைந்தால் இன்னொன்றின் கைபிடி வந்து சேரும். சக்கிற் காணப்படும் பெயர் சக்குக்கு மட்டுமே சாட்சி. அதனை முழுக் கருவிக்கும் உரியதாகக் கொள்வது, கோயிலொன்றின் திருப்பணியின்போது வேறிடத்திலிருந்து கொணர்ந்து பதித்த கல்லிலுள்ள சாசனத்தைக்கொண்டு அக்கோயில் முழுவதற்கும் காலம் கணிப்பதை ஒத்ததாகும். ஒட்டுப்படத்தின் நிலை வேறு. வியர்வையும் எண்ணெயும் பட்டு முதலில் அழிவது அதுவே. அதனால் அதனை மட்டும் தாங்கிவந்த மலிவான கருவிகள் இன்று பெயரற்றனவாகக் காட்சியளிக்கின்றன. இரும்பில் எழுத்தை வார்ப்பித்தவர்கள் வரலாற்றில் நிலைத்தனர். சேகரிப்போர் கட்டியெழுப்பிய வரலாற்றிற் பெரிய கம்பனிகள் பெறும் முதன்மைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குறி பொறிக்கும் வழக்கத்தின் பழைய வேர்களை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் காணலாம். அங்கு 1624ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டமொன்றினால் நிறுவப்பட்ட கத்தித் தொழிலாளர் சங்கம், தனது உறுப்பினரான ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒரு குறியை வழங்கிப் பதிவு செய்தது. அக்குறி அவ்வினைஞர் தமது வேலைக்குத் தாமே பொறுப்பு என்பதைத் தெரிவித்தது; அதில் ஓர் ஆளின் முகம் இருந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலே நிலைமை மாறிவிட்டது. ஷெபீல்டின் சிறுபட்டறைக் கைவினைஞர் வாடகைக்கு ஒரு மேசையும் ஆலையின் சுழல்விசையிற் சிறு பங்கும் பெற்றுத் தமது சொந்தக் கருவிகளைக்கொண்டு வேலை செய்தனர். அவர்கள் செய்து முடித்தவற்றை வாங்கி விற்ற முகவர், அவற்றிலே தமது பெயரையே பொறிப்பித்தனர். வேலையின் ஒழுங்கு ஓரளவு பழையபடியே தொடர்ந்தபோதும் பெயரின் உரிமை வியாபாரியின் கைக்கு மாறிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்காலத்து ஷெபீல்ட் வளைதண்டுகளுள் அழகிற் சிறந்தவை பித்தளைச் சட்டகத்தினுள் கருங்காலி மரத்தைச் செறித்துச் செய்யப்பட்டவை. வில்லியம் மார்ப்பிள்ஸ் என்பார் 'அல்ற்றிமேற்றம்' என்ற பெயரில் விற்றவை இவ்வகையிற் பேர்பெற்றவை. அவர்களது தொழிற்சாலையின் பெயர் ஹைபேர்னியா. குறியோ அயர்லாந்துக்குரிய மூவிலைச் செடி. இவ்வகை வளைதண்டுகளின் பித்தளையிலே முகவரி, அரச ஆக்கவுரிமை, 'ஏக உற்பத்தியாளர்' என்னும் உரிமைக் கோரிக்கை ஆகியன ஒரு சிறு சாசனம் போலவே வெட்டப்பட்டிருக்கும். போட்டியாளருக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாகவே இச்சாசனத்தை வாசித்தல் பொருந்தும். பித்தளையை வார்த்தவர், அதனை அராவியவர், கருங்காலியைச் செறித்தவர் ஆகியோரைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. கருங்காலி இங்கிலாந்தில் வளரும் மரமுமன்று. வெப்ப நாடுகளின் காடுகளில் அதனை வெட்டியவரைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை.

அமெரிக்காவிற் குறி வேறொரு திசையில் வளர்ந்தது. அங்கு குறிப்பிடத்தக்க திருப்பம் 1864ஆம் ஆண்டு வில்லியம் பார்பர் என்பவர் பெற்ற ஆக்கவுரிமையாகும். திருகுபுரி கொண்ட உறையைச் சுழற்றுவதனால் உள்ளேயுள்ள இரு தாடைகளும் நெருங்கித் துளையலகை இறுகக் கவ்வும் சக் அவருடையது. முன்னர் ஒவ்வோர் அலகின் தலையையும் அந்தந்தத் துறப்பணத்துக்கு ஏற்ப அராவிப் பொருத்த வேண்டியிருந்தது. இப்பொழுது எந்த அலகும் எந்தத் துறப்பணத்திலும் பொருந்தலாயிற்று. ஒரே அளவான பண்டங்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்து தொலைதூரச் சந்தைக்கு அனுப்பும் முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு இது எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வுரிமையைப் பெற்று மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கிறீன்பீல்டில் உற்பத்தியைத் தொடங்கிய கன், அமிடன் என்ற இருவரின் முயற்சியிலிருந்தே 1868இல் மில்லர்ஸ் போல்ஸ் உற்பத்திக் கம்பனி உருவாகியது. மில்லர்ஸ் ஆற்றின் நீர்வீழ்ச்சி தந்த விசையை நாடி அத்தொழில் அங்கு சென்றது. கம்பனியின் பெயர் அந்நீர்வீழ்ச்சியின் பெயரே.

பார்பருக்கு நேர்ந்தது சிந்தனைக்குரியது. அவரது பெயர் தொடக்கத்திற் குறியின் ஒரு பகுதியாகக் கருவியிலேயே இடம்பெற்றது. ஆக்கவுரிமையின் காலம் முடிவடைந்ததும் ஏனைய கம்பனிகள் அதே சக்கைச் செய்யலாயின. 'பார்பர் சக்' என்பது அவ்வகைச் சக் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. கண்டுபிடித்தவனின் பெயர் பொதுச்சொல்லாகிப் பெரிய எழுத்தையும் இழந்துவிட, அதனை உற்பத்தி செய்த கம்பனியின் பெயரோ சட்டத்தாற் காக்கப்பட்ட சொத்தாக நிலைபெற்றது.

இங்கு சட்டத்தின் பங்கைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். துறப்பணங்களிற் காணப்படும் திகதிகளைக் கண்டு, அவை கருவி செய்யப்பட்ட நாள்கள் என மயங்குவோர் பலர். 1842ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஆக்கவுரிமை பெற்ற பண்டத்தில் அவ்வுரிமை வழங்கப்பட்ட திகதி பொறிக்கப்படவேண்டும் என விதித்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைக்காலத்தைப் பதினேழு ஆண்டுகளாக்கியது. அறிவித்தல் இல்லாத பண்டத்துக்கு நட்டஈடு கோருவதையும் கட்டுப்படுத்தியது. 1927ஆம் ஆண்டு திகதிக்குப் பதிலாக உரிமையின் இலக்கத்தைப் பொறிக்கவேண்டும் என்ற திருத்தம் வந்தது. எனவே திகதி தாங்கிய துறப்பணம் அத்திகதிக்கு முற்பட்டதன்று என்பது உறுதி. எவ்வளவு பிற்பட்டது என்பதை அத்திகதி கூறாது. திகதிக்குப் பதிலாக இலக்கம் காணப்படின் 1927க்குப் பிற்பட்டதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஆயினும் வார்ப்புக்கான மாதிரியை மாற்றுவது செலவு மிக்கது. ஆதலின் பழைய எழுத்துகளோடு கூடிய பாகங்கள் புதிய சட்டம் வந்த பின்னரும் சிறிது காலம் வெளிவந்திருக்கக் கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது. உரிமைக்காலம் கழிந்த திகதியைத் தொடர்ந்து பொறிப்பதில் வியாபார நன்மை இருந்தது என்பதும் வெளிப்படை. சட்டம் தெரியாத போட்டியாளனை அச்சுறுத்தவும் வாங்குவோனைக் கவரவும் அது உதவும்.

நாட்டின் பெயர் பொறிக்கப்படுவதற்கும் இவ்வாறான வரலாறுண்டு. யேர்மனியின் சொலிங்கன் முதலிய இடங்களின் பண்டங்கள் ஷெபீல்டின் சந்தையைப் பறித்தபோது, அவை ஷெபீல்ட் பெயரைத் திருடுவதாகக் கூக்குரல் எழுந்தது. அதன் விளைவே 1887ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பண்டக்குறிச் சட்டம். பிரித்தானியாவில் ஆனதென எண்ணவைக்கும் குறி தாங்கிய அந்நியப் பண்டங்கள் தாம் பிறந்த நாட்டைக் காட்டவேண்டியதாயிற்று. இந்தியாவிலும் 1889இல் இவ்வகைச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவோ 1890ஆம் ஆண்டு மக்கின்லி தீர்வைச் சட்டத்தினால் இறக்குமதிப் பண்டங்கள் அனைத்திலும் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. 1891 மார்ச்சு முதல் இது நடைமுறைக்கு வந்தது. இழிவு கற்பிக்கும் நோக்குடன் சுமத்தப்பட்ட 'யேர்மனியில் ஆக்கப்பட்டது' என்ற தொடர் சில ஆண்டுகளில் தரத்தின் சான்றாக மாறியமை வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்று. ஆய்வாளனுக்கு இவை பயன்மிக்க காலக்குறிகள். யேர்மன் துறப்பணமொன்றில் 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகள் இருப்பின் அது 1891இல் வந்த சிறுவடிவப் பதிவுச் சட்டத்துக்குப் பிற்பட்டது. அமெரிக்க ஆதிக்க வலயத்தின் பெயர் இருப்பின் 1945க்கும் 1949க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளைச் சேர்ந்தது. தோல்வியுற்ற நாடொன்றின் பங்கீட்டை ஒரு துளைகருவியின் கைபிடியில் வாசிக்கலாம்.

முகவரிகள் கம்பனிகளின் இணைப்பையும் விழுங்குதலையும் காட்டுவன. கனெக்ரிகட் மாநிலத்து 'பெக், ஸ்ரோ அன்ட் வில்கொக்ஸ்' என்ற நீண்ட பெயரே 1870இல் மூன்று நிறுவனங்கள் ஒன்றானதன் சுவடு. பின்னர் அது 'பெக்ஸ்ரோ' எனச் சுருங்கியது. பெயர் சுருங்குந்தோறும் அதற்குள் அடங்கிய மனிதர் மறைகின்றனர். மில்லர்ஸ் போல்ஸ் கம்பனி 1931இல் கிறீன்பீல்டிலிருந்த தனது போட்டியாளரான குடெல்-பிறாற் கம்பனியைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. அதற்குப் பிற்பட்ட துறப்பணங்களிற் பொதுவாக மில்லர்ஸ் போல்ஸ் என்ற ஊர்ப்பெயருக்குப் பதிலாகக் கிறீன்பீல்ட் என்ற ஊர்ப்பெயர் காணப்படும். கம்பனியின் பெயரிலே ஒரு கிராமம், முகவரியிலே வேறோர் ஊர்! பிலடெல்பியாவில் 'யாங்கி' என்ற பெயரால் உயர்ந்த துறப்பணங்களைச் செய்த நோர்த் சகோதரர் கம்பனியை 1946இல் ஸ்ரான்லி வாங்கியது. ஐஸ்கிறீம் கடையும் பொறிகளையும் அவர்கள் செய்தனர் என்பது ஒரு சுவையான செய்தி. பற்சில்லுகளின் இயக்கத்தை நன்கறிந்தவர் இரண்டையும் செய்ததில் வியப்பில்லை. வாங்கப்பட்ட பின்னரும் 'யாங்கி' என்ற பெயர் நீக்கப்படவில்லை. ஸ்ரான்லி வாங்கியது தொழிற்சாலையை மட்டுமன்று. அப்பெயர்மேல் வேலையாள் வைத்திருந்த நம்பிக்கையையுந்தான். ஸ்ரான்லியின் சொந்தக் குறிகளுள் மிகுதியும் விரும்பப்படுவது இதயவடிவத்துள் இரண்டு எழுத்துகள் கொண்டது. 1920 அளவிலிருந்து 1930களின் நடுப்பகுதிவரை அது வழங்கியது. காதலின் சின்னமென அதனைக் கருதுவோர் ஏமாறுவர். கம்பனியின் தலைவராக நெடுங்காலம் இருந்த ஹார்ட் என்பவரின் பெயர் ஆங்கிலத்தில் இதயத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்ததே அதற்குக் காரணம்.

இனி, குறிகளைப் பற்றிய நமது ஐயத்தை உறுதிப்படுத்தும் சான்றுக்கு வருவோம். 'கீன் கட்டர்' என்ற குறி தாங்கிய துறப்பணங்கள் ஏராளம். அக்குறிக்குரிய சென் லூயிஸ் நகரத்துச் சிமன்ஸ் கம்பனி ஓர் இரும்புச் சாமான் மொத்த வியாபார நிறுவனம். துப்பாக்கிக்குப் பேர்போன வின்செஸ்ரர் கம்பனி 1922இல் சிமன்ஸுடன் இணைந்தது. அதன் பெயரும் தச்சுக் கருவிகளில் ஏறியது. சியேர்ஸ் றோபக் என்னும் தபால்வழி வியாபார நிறுவனம் 1927 முதல் 'கிறாப்ற்ஸ்மன்' என்ற பெயரைப் பயன்படுத்தியது. கைவினைஞன் என்பதே அச்சொல்லின் பொருள். எந்தக் கைவினைஞனும் சொந்தம் கொண்டாட முடியாத கைவினைஞன்! கிறாப்ற்ஸ்மன் பெயரில் விற்கப்பட்ட பற்சில்லுத் துறப்பணங்கள் பல மில்லர்ஸ் போல்ஸ் தொழிற்சாலையில் ஆனவை. சட்டகத்தின் வளைவு, பற்களின் அமைப்பு, சக்கின் உறை, கைப்பிடியை மூடும் உலோகத் தொப்பி ஆகியவற்றை ஒப்பிட்டு இதனைச் சேகரிப்போர் நிறுவியுள்ளனர். சாசனத்தின் வாசகம் பொய் கூறும்போது எழுத்தின் வடிவத்தைக்கொண்டு காலங்கணிப்பதை ஒத்த முறை இது. சேகரிப்போர் தமது திறமையின் உச்சத்தை அடைவது இங்கேயே என்பது எமது கருத்து.

ஆனால் அவர்கள் நின்றுவிடுவதும் இங்கேயே. சியேர்ஸ் என்ற பெயரை நீக்கி மில்லர்ஸ் போல்ஸ் என்ற பெயரை வைத்ததும் ஆக்குநர் கண்டறியப்பட்டுவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். ஒரு திரைக்குப் பின்னால் இன்னொரு திரை என்பதே உண்மை. தொழிற்சாலையில் வார்ப்பவர், கடைபவர், பற்களை வெட்டுபவர், தீட்டுபவர், வண்ணம் பூசுபவர், பொருத்துபவர் எனப் பலர் பங்குகொண்ட பண்டத்துக்கு ஒருவரை ஆக்குநர் எனச் சுட்டவே இயலாது. கருவிகளின் வகைப்பெருக்கத்தை இவ்வேலைப்பிரிவினையோடு தொடர்புபடுத்திய மார்க்ஸ், பேர்மிங்காமில் மட்டும் ஏறத்தாழ 500 வகைச் சுத்தியல்கள் உற்பத்தியானதை மூலதனம் நூலிற் சுட்டிக்காட்டினார். மனிதரிடையேயான உறவு பண்டங்களிடையேயான உறவாகத் தோன்றுவது பற்றி அதே நூலில் அவர் கூறியவற்றுக்குத் துறப்பணத்தின் குறியைவிட எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. 1624இல் ஓர் ஆளின் பொறுப்பைக் காட்டிய குறி, 20ஆம் நூற்றாண்டிலே ஆளையும் பட்டறையையும் விட்டுத் தனியே விலைக்கு வரும் சொத்தாயிற்று. மில்லர்ஸ் போல்ஸ் 1962இல் இங்கர்சோல்-றான்ட் கம்பனிக்குக் கைமாறியது. கைத்துறப்பணங்களின் சந்தையைக் குலைத்த மின்துறப்பணத்துக்குக் கைத்துப்பாக்கி வடிவம் கொடுத்து 1917இல் ஆக்கவுரிமை பெற்ற பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 2010இல் ஸ்ரான்லியுடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் 2017இல் கிறாப்ற்ஸ்மன் என்ற பெயரையும் சியேர்ஸிடமிருந்து வாங்கியது. ஒருகாலத்திற் கடைத்தெருவில் ஒன்றோடொன்று போட்டியிட்ட பெயர்கள் இவ்வாறு ஒரே முதலாளியின் பேரேட்டில் வந்து சேர்ந்தன.

கருவிகளிற் காணப்படும் இன்னொரு வகை எழுத்து மேற்கூறிய ஆராய்ச்சிகளிற் பெரும்பாலும் குறையாகவே கணிக்கப்படுகின்றது; அது இருந்தால் விலை குறையும் என்பர். கைப்பிடி மரத்தின் முனையிலோ வளைதண்டின் தலையிலோ அச்சடித்தோ கத்திமுனையாற் கீறியோ இடப்பட்ட பெயர் அல்லது முதலெழுத்துகள் அவை. ஆங்கிலேய, அமெரிக்கத் தச்சர் தமது கருவிகளைத் தாமே வாங்கி வேலைத்தளத்துக்குக் கொண்டு சென்றவர்கள். கருவி காணாமற்போனால் வேலை போயிற்று. அதனால் தமது பெயரைப் பொறித்தனர். சிலவற்றில் ஒரு பெயர் கோடிட்டு அழிக்கப்பட்டு அதன் கீழே வேறொரு பெயர் இருக்கும். மகனுக்குச் சென்றதோ, மரணத்தின்பின் விற்கப்பட்டதோ, கடனுக்கு ஈடாகக் கைமாறியதோ நாமறியோம். பிரித்தானிய அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறி, சிலவேளை ஆண்டோடு, கம்பனியின் பெயருக்கு அருகே அடிக்கப்பட்டிருப்பின், அக்கருவி படைத்துறைப் பட்டறையொன்றிற் கூலிக்காரனாகவோ படைவீரனாகவோ இருந்த ஒருவனின் கையில் உழைத்தது என்பது தெளிவு. அவனுக்குத் தன் பெயரைப் பொறிக்கும் உரிமை இல்லை.

அருங்காட்சியகங்களின் பதிவேடுகளில் 'ஆக்கியவர்' என்ற தலைப்பின்கீழ்க் கம்பனியின் பெயரையும், 'பிற சேதங்கள்' என்ற தலைப்பின்கீழ்த் தச்சனின் முதலெழுத்துகளையும் எழுதும் வழக்கம் இன்றும் முற்றாக மறையவில்லை. முன்னையதை 'பொறிக்கப்பட்ட வியாபாரப் பெயர்' என்றும், உற்பத்தியான தொழிற்சாலை ஒப்பீட்டினால் அறியப்படின் அதனைத் தனியாகவும், எந்தப் பாகத்தில் எந்த எழுத்து உள்ளது என்பதை வேறாகவும், உழைத்தவனின் எழுத்துகளை அவனுக்குரிய இடத்திலும் பதிவதற்கு ஒரு பக்கத்தில் நான்கு வரிகள் போதும்.